அழிக்கும் முன் எடுத்த நகலை எப்போது நம்பலாம்: ரெஜிஸ்ட்ரி ஸ்கிரிப்டுகளைப் பற்றி ஒரு விளக்கம்

2022ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், வேர்ட் கோப்பு ஒன்றைத் திறந்தாலே தாக்குபவரின் கட்டளை கணினியில் ஓடிவிடக்கூடிய பாதுகாப்புக் குறைபாடு ஒன்று வெளியே தெரியவந்தது. சிவிஇ-2022-30190 என்று எண்ணிடப்பட்டு ‘ஃபொலினா’ என்ற பெயரால் அறியப்பட்ட அந்தக் குறைபாட்டின் நுழைவாயில், விண்டோஸின் பழுதறியும் கருவியை ஓர் இணைய முகவரியைப் போல அழைக்க வழிவிடும் ‘எம்எஸ்-எம்எஸ்டிடி’ என்ற ரெஜிஸ்ட்ரி கீ. (ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்; அதில் கோப்புறையைப் போல இருப்பது கீ, அதற்குள் இருக்கும் தரவு மதிப்பு.) முழுத் திருத்தம் ஜூன் 14 அன்றுதான் வந்தது. அதுவரை தாக்குப்பிடிக்க மே 30 அன்று மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிக வழி மிக எளியது: நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘ரெக் எக்ஸ்போர்ட்’ கட்டளையால் அந்தக் கீயை ஒரு கோப்பில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும்; பிறகு ‘ரெக் டெலீட்’ கட்டளையால் அதை அழிக்க வேண்டும்; பின்னாளில் தேவைப்பட்டால் ‘ரெக் இம்போர்ட்’ கட்டளையால் திரும்பக் கொண்டுவரலாம்.

ஒரு கணினியின் முன் உட்கார்ந்து இதைச் செய்பவருக்கு இதில் பெரிய ஆபத்து இல்லை. முதல் கட்டளை பிழைச் செய்தி காட்டினால் அவர் கை அங்கேயே நின்றுவிடும். கோப்பு உருவானதா, அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று திறந்தும் பார்ப்பார். ஆனால் பல நூறு கணினிகள் கொண்ட அலுவலகத்தில் இதையே ஸ்கிரிப்டாக, அதாவது வரிசையாகத் தானே ஓடும் கட்டளைக் கோப்பாக, எழுதி ஓடவிடும்போது, பார்க்கும் அந்தக் கண் இல்லாமல் போகிறது. நகலெடுப்பதும் அழிப்பதும் தனித்தனிக் கட்டளைகள். முதலாவது தோற்றாலும் இரண்டாவதுக்கு அது தெரியாது. ஆகவே ரெஜிஸ்ட்ரியை அழிக்கும் ஸ்கிரிப்டின் தரத்தை அதன் அழிக்கும் வரியை வைத்து அளக்க முடியாது. நகல் சரியாக இருக்கிறது என்று மெய்ப்பிக்கப்பட்ட பிறகுதான் அந்த வரி ஓடும் என்பதை ஸ்கிரிப்ட் எவ்வளவு கண்டிப்பாக உறுதிசெய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரெஜிஸ்ட்ரியில் அழித்ததைத் திரும்பப் பெற ரீசைக்கிள் பின் கிடையாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் செய்ததைத் திருப்பும் ‘அன்டூ’ கட்டளையும் கிடையாது. திரையில் ஒரே மரமாகத் தெரியும் ரெஜிஸ்ட்ரி உண்மையில் ‘ஹைவ்’ எனப்படும் பல கோப்புகளின் தொகுப்பு. சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி ஆகிய ஹைவ்கள் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் உள்ள ‘கான்ஃபிக்’ கோப்புறையில் இருக்கின்றன; ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் கோப்புறையில் ‘என்டியூசர்.டேட்’ என்ற ஹைவ் தனியாக இருக்கிறது. ஒரு கீ அழிக்கப்படும்போது ஹைவுக்குள் அது இருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேறு தரவு வந்து எழுதப்படும்வரை பழைய எச்சம் அங்கே இருக்கக்கூடும் என்பதால் தடயவியல் ஆய்வாளர்கள் சில நேரம் அதை மீட்டெடுப்பதுண்டு. ஆனால் அந்த வாய்ப்பை நம்பி யாரும் ஸ்கிரிப்ட் எழுத முடியாது.

இயங்குதளமே பின்னணியில் ஒரு நகல் வைத்திருக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. விண்டோஸ் 98இல் இருந்த ரெஜிஸ்ட்ரி சரிபார்ப்பான் கணினி தொடங்கும்போது நாளுக்கொரு நகல் எடுத்து, இயல்பாக 5 நகல்கள்வரை வைத்திருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் ‘ரெக்பேக்’ என்ற கோப்புறையில் ஹைவ்களின் நகல் சேர்ந்துவந்தது. விண்டோஸ் 10இன் 1803ஆம் பதிப்பு முதல் அந்தத் தானியங்கி நகலெடுப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. கோப்புறையைத் திறந்தால் கோப்புப் பெயர்கள் இருக்கும், ஒவ்வொன்றின் அளவும் சுழியமாக இருக்கும். வட்டில் விண்டோஸ் பிடிக்கும் இடத்தைக் குறைப்பதற்காகத் தெரிந்தே செய்த மாற்றம் இது என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரும் இங்கே முழுத் துணையாகாது. விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில், அப்படித் திரும்புவதற்கான மீட்புப் புள்ளியை உருவாக்கும் கட்டளை, விண்டோஸ் 8 முதல், இயல்பாக 24 மணி நேரத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் உருவாக்குவதில்லை. அந்தக் காலத்துக்குள் இன்னொரு முறை அழைத்தால் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டுப் புள்ளி எதையும் உருவாக்காமல் முடிந்துவிடும். எச்சரிக்கையைப் படிக்க ஆளில்லாத ஸ்கிரிப்ட், மீட்புப் புள்ளி இருக்கிறது என்ற எண்ணத்திலேயே அடுத்த வரிக்குப் போகும்.

இனி இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே உள்ள பிணைப்பைப் பார்ப்போம். கட்டளைச் சாளரத்தின் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பேட்ச் கோப்பில் இரு கட்டளைகளை ஒற்றை ‘&’ குறியால் இணைத்தால், முதலாவது வென்றாலும் தோற்றாலும் இரண்டாவது ஓடும்; இரட்டையாக ‘&&’ என்று எழுதினால் முதலாவது வென்றால் மட்டுமே இரண்டாவது ஓடும். தனித்தனி வரிகளில் எழுதினாலோ ஒற்றைக் குறியின் கதைதான். ‘ரெக்’ கட்டளை வெற்றி பெற்றால் 0, தோற்றால் 1 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணைச் சோதிக்காத ஸ்கிரிப்ட் வட்டு நிரம்பியிருந்தாலும், நகல் கோப்புறை இல்லாவிட்டாலும், கீயின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் தயங்காமல் அழிக்கும் வரிக்கு வந்து நிற்கும். பவர்ஷெல்லில் பிழை வந்தால் நின்றுவிடும்படி மாறியை அமைத்துவிட்டோமே என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த அமைப்பு பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளைகளுக்குத்தான் பொருந்தும். விண்டோஸோடு வரும் 5.1ஆம் பதிப்பில் ‘ரெக்’ போன்ற வெளிநிரல் தோற்றால் ஸ்கிரிப்ட் நிற்பதில்லை. வெளிநிரலின் கடைசி முடிவு எண்ணை நாம்தான் எடுத்துப் பார்த்து, அது 0 இல்லையென்றால் வெளியேற வேண்டும்.

முடிவு எண் 0 என்பதாலேயே நாம் நினைத்த கீதான் நகலானது என்று ஆகிவிடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரெஜிஸ்ட்ரியின் ஒரே பெயர் இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருளைக் காட்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் ஒன்று, கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் லோக்கல் மெஷின் பிரிவின் ‘சாஃப்ட்வேர்’ கீயைக் கேட்டால், விண்டோஸ் அதை ஓசைப்படாமல் ‘வாவ்6432நோட்’ என்ற துணைக் கீக்குத் திருப்பிவிடுகிறது. மென்பொருள் விநியோகக் கருவி ஒன்று 32 பிட் நிரலாக இருந்து அதன் வழியாக நம் ஸ்கிரிப்ட் ஓடினால், நாம் எடிட்டரில் பார்த்த கீயும் ஸ்கிரிப்ட் தொடும் கீயும் ஒன்றாக இருக்காது. ‘ரெக்’ கட்டளைக்கு ‘/ரெக்:64’ அல்லது ‘/ரெக்:32’ என்று வெளிப்படையாகச் சொல்லும் வசதி இருக்கிறது. நகலெடுக்கும் வரியிலும் அழிக்கும் வரியிலும் அது ஒன்றேபோல் இருக்க வேண்டும்.

கரன்ட் யூசர் பிரிவிலும் இதே சிக்கல் வருகிறது. அந்தப் பெயர் யார் கணக்கில் ஸ்கிரிப்ட் ஓடுகிறதோ அவருடைய ஹைவைச் சுட்டும். சாதாரணப் பயனர் ஒருவர் உட்கார்ந்திருக்கும் கணினியில் வேறொரு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து உரிமையை உயர்த்தினால், ‘கரன்ட் யூசர்’ என்பது அந்த நிர்வாகி. திட்டமிட்ட பணியாக, விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடினால், அது சிஸ்டம். பயனரின் கீயை அழிக்க எழுதிய ஸ்கிரிப்ட், அது அங்கே இல்லை என்பதைக் கண்டு ‘ஏற்கெனவே அழிந்துவிட்டது’ என்று பதிவுசெய்துகொண்டு முடிந்துபோகும். சரியான வழி, யூசர்ஸ் பிரிவின் கீழே ஒவ்வொரு பயனரின் அடையாள எண் வழியாகப் போவது. உள்நுழையாத பயனர்களுக்கு அவர்களுடைய ‘என்டியூசர்.டேட்’ கோப்பை ‘ரெக் லோட்’ மூலம் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, வேலை முடிந்ததும் இறக்கிவிடுவது. ஃபொலினாவின்போது எல்லாரும் கையாண்ட கிளாஸஸ் ரூட் பிரிவோ தனி இடமே அல்ல. லோக்கல் மெஷினில் உள்ள ‘சாஃப்ட்வேர்\கிளாஸஸ்’ கீயையும் நடப்புப் பயனரின் கீழுள்ள அதே பெயர்க் கீயையும் சேர்த்துக் காட்டும் ஒரு தோற்றம். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் பயனருடையதே முன்னால் நிற்கும். எனவே ஸ்கிரிப்டில் கிளாஸஸ் ரூட் என்று எழுதுவதை விட, உண்மையான இருப்பிடத்தை முழுப் பாதையாக எழுதுவதே நேர்மையான முறை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, நகலின் வகை. ‘ரெக் எக்ஸ்போர்ட்’ தருவது ஓர் உரைக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், வேறுபாடு காட்டும் கருவியில் ஒப்பிடலாம். அதில் கீகளின் பெயர்களும் மதிப்புகளும் மட்டுமே இருக்கும். யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதி விவரங்கள் அதில் இல்லை. சிறப்பு அனுமதிகள் கொண்ட கீ ஒன்றை அழித்துவிட்டு அந்தக் கோப்பிலிருந்து திரும்பக் கொண்டுவந்தால், மதிப்புகள் வந்து சேரும். அனுமதிகள் தாய்க் கீயிலிருந்து புதிதாக இறங்கியவையாக இருக்கும். இதைவிட அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது, ‘ரெக் இம்போர்ட்’ என்பது மீட்டமைப்பு அல்ல, கலப்பு என்பதுதான். ஒரு கீயில் ‘அ’, ‘ஆ’ என்று இரு மதிப்புகள் இருந்தபோது நகலெடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ‘ஆ’ அழிந்து, ‘இ’ புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இப்போது நகலை இம்போர்ட் செய்தால் ‘ஆ’ திரும்ப வரும், ‘இ’ அப்படியே இருக்கும். முன்பு ஒருபோதும் இல்லாத, மூன்று மதிப்புகள் கொண்ட நிலை உருவாகும். பழைய நிலையே வேண்டுமென்றால், இம்போர்ட் செய்வதற்கு முன் அந்தக் கீயை முழுதாக நீக்கியாக வேண்டும். ரெக் கோப்பிலேயே இதற்கு இடமுண்டு: சதுர அடைப்புக்குள் கீயின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இட்டால் அது ‘இந்தக் கீயை அழி’ என்று பொருள்படும், ஒரு மதிப்பின் பெயருக்குப் பின் சமக்குறியும் கழித்தல் குறியும் இட்டால் அந்த மதிப்பு மட்டும் நீங்கும்.

‘ரெக் சேவ்’ தருவது வேறு வகை நகல். அது ஹைவ் வடிவிலேயே எழுதப்படும் இருமக் கோப்பு. அனுமதி விவரங்களும் அதில் சேர்ந்து வரும். இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். ‘ரெக் ரெஸ்டோர்’ அதைக் கலக்காமல் இலக்குக் கீயின் உள்ளடக்கத்தையே மாற்றியமைக்கும். கீ முற்றிலும் அழிந்திருந்தால் முதலில் அதே பெயரில் வெற்றுக் கீ ஒன்றை உருவாக்கிக்கொண்டு பிறகு மீட்பது நல்லது. என் பரிந்துரை இரண்டையும் எடுப்பது: மனிதர் படிக்க உரை நகல், இயந்திரம் மீட்க ஹைவ் நகல். இரண்டும் சேர்ந்தாலும் பெரும்பாலான கீகளுக்குச் சில கிலோபைட்டுகளைத் தாண்டாது.

ஹைவ் நகல் இருந்தால் அதைச் சோதிப்பதற்கும் ஒழுங்கான வழி கிடைக்கிறது. கோப்பு இருக்கிறதா, அளவு சுழியத்துக்கு மேல் இருக்கிறதா என்பதோடு பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் நின்றுவிடுகின்றன. பாதி எழுதப்பட்ட கோப்பும் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். அதற்குப் பதிலாக, சேமித்த ஹைவ் கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, அந்தப் பிரதியை ‘ரெக் லோட்’ மூலம் லோக்கல் மெஷின் பிரிவில் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்ற வேண்டும். பிரதியை ஏற்றுவது எதற்கென்றால், ஏற்றும்போது கோப்பில் மாற்றம் நேரலாம் என்பதால் மூலநகல் தீண்டப்படாமல் இருக்க வேண்டும். பிறகு உயிரோடிருக்கும் கீயையும் ஏற்றிய கீயையும் துணைக் கீகள் உட்பட ‘ரெக் கம்பேர்’ கட்டளையால் ஒப்பிட வேண்டும். இந்தக் கட்டளையின் முடிவு எண்கள் மூன்று: இரண்டும் ஒன்றென்றால் 0, கட்டளையே தோற்றால் 1, வேறுபாடு இருந்தால் 2. 0 வந்தால் மட்டும் தற்காலிகக் கீயை இறக்கிவிட்டு அழிக்கும் வரிக்குப் போகலாம். பவர்ஷெல்லிலிருந்து இதைச் செய்யும்போது, அந்தக் கீயைத் திறந்து பார்த்த கைப்பிடி (இன்னும் மூடப்படாத தொடர்பு) நினைவகத்தில் மிச்சமிருந்தால் ஹைவை இறக்க முடியாமல் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்று வரும். பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பை ஒருமுறை வெளிப்படையாக அழைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அழிக்கும் வரியிலேயே ஒளிந்திருக்கும் ஆபத்துகளும் உண்டு. கீயின் பாதையை ஒரு மாறியிலிருந்து கட்டும் ஸ்கிரிப்டில், அந்த மாறி ஏதோ காரணத்தால் வெற்றாக இருந்தால், ‘சாஃப்ட்வேர்’ கீயின் கீழுள்ள ஒரு நிறுவனத்தின் கீயை அழிக்கச் சொன்ன கட்டளை ‘சாஃப்ட்வேர்’ கீயையே குறிவைக்கும் கட்டளையாக மாறிவிடும். மாறி வெற்றா என்று பார்ப்பதோடு, பாதை குறைந்தது இத்தனை அடுக்கு ஆழமாவது இருக்க வேண்டும் என்றும், அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலில் இருக்க வேண்டும் என்றும் கட்டுப்பாடு வைப்பது வீண் வேலையல்ல. பவர்ஷெல்லில் இன்னொரு பொறி இருக்கிறது. எல்லா வகைக் கோப்புகளுக்குமான வலது கிளிக் பட்டியல், ‘கிளாஸஸ்’ கீயின் கீழ் ‘*’ என்ற ஒற்றை நட்சத்திரத்தையே பெயராகக் கொண்ட கீயில் இருக்கிறது. அந்தப் பாதையை ‘பாத்’ அளவுருவில் கொடுத்தால் பவர்ஷெல் அந்த நட்சத்திரத்தை ‘எதுவானாலும்’ என்று புரிந்துகொண்டு, ஆயிரக்கணக்கான கோப்புவகைக் கீகளில் ஒவ்வொன்றிலும் தேடத் தொடங்கும். படிக்கும் கட்டளை என்றால் நீண்ட நேரம் உறைந்து நிற்கும். அழிக்கும் கட்டளை என்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ‘லிட்டரல்பாத்’ அளவுருவைப் பயன்படுத்தினால் நட்சத்திரம் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். கீ இருப்பதை உறுதிசெய்ய எழுதப்படும் ‘நியூ-ஐட்டம்’ கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ சேர்ப்பதும் இதே வகைதான்: கீ ஏற்கெனவே இருந்தால் அதன் உள்ளடக்கம் போய்விடும். அழிக்கும் ஸ்கிரிப்ட் என்று யாரும் நினைக்காத ஸ்கிரிப்டே இப்படி அழிக்கிறது.

தமிழில் கோப்புறைப் பெயர் வைத்திருப்பவர்களும், தமிழ்ப் பெயரில் பயனர் கணக்கு வைத்திருப்பவர்களும் குறியாக்கத்தைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி குறியாக்கப் பக்கம் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) எப்போதுமே இருந்ததில்லை. யூனிகோடு வழியாக மட்டுமே தமிழ் எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. ரெக் கோப்பில் இரண்டு வடிவங்கள் உண்டு. ‘ரெஜெடிட்4’ என்று தொடங்கும் பழைய வடிவம் ஆன்சி. ‘விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00’ என்று தொடங்கும் புதிய வடிவம் 16 பிட் யூனிகோடு. பழைய வடிவத்தில் நகலெடுத்தால் மதிப்புகளுக்குள் இருக்கும் தமிழ்ப் பாதைகள் வெறும் கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகும். கோப்பு உருவாகும், பிழைச் செய்தி வராது, அளவும் இயல்பாகவே இருக்கும். மீட்கும் நாளில்தான் ‘????’ என்ற பாதை கண்ணில் படும். ஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயே தமிழ்ப் பெயர் எழுதியிருந்தால், 5.1ஆம் பதிப்புப் பவர்ஷெல்லுக்கு அந்தக் கோப்பை பைட் வரிசைக் குறியோடு (குறியாக்கத்தைக் காட்டக் கோப்பின் தொடக்கத்தில் வரும் சில பைட்டுகளோடு) கூடிய யூடிஎஃப்-8இல் சேமிக்க வேண்டும். குறி இல்லையென்றால் அது ஆன்சி என்று எண்ணிப் படித்து, இல்லாத ஒரு கீயைத் தேடிப் போகும்.

நகல் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர் வைப்பதும் தவறில் முடியும். கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடும் ஸ்கிரிப்டில், முதல் ஓட்டத்தில் சில துணைக் கீகள் அழிந்து, அனுமதி இல்லாததால் மற்றவை மிஞ்சியிருக்கலாம். ஏனென்றால் ஒரு கீயை அதன் கிளைகளோடு அழிப்பது ஒரே மூச்சில் நடந்து முடியும் செயல் அல்ல, நடுவில் நின்றுபோகக்கூடியது. இரண்டாவது ஓட்டத்தில், மேலெழுத அனுமதிக்கும் ‘/ஒய்’ இருந்தால், முழு நகலின் மேல் அரைகுறை நகல் எழுதப்பட்டுவிடும். ‘/ஒய்’ இல்லையென்றால் மேலெழுதலாமா என்று கட்டளை கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் காத்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே தீர்வு, கணினியின் பெயரையும் நேரத்தையும் கோப்புப் பெயரில் சேர்ப்பதுதான். பேட்ச் கோப்பின் தேதி மாறி, வட்டார அமைப்பைப் பொறுத்துச் சாய்கோட்டோடு வரக்கூடியது. கோப்புப் பெயரில் சாய்கோடு வந்தால் நகலெடுக்கும் வரியே உடைந்துபோகும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்ற வரிசையில் எண்களாக மட்டும் தரும்படி பவர்ஷெல்லிடம் கேட்பது பாதுகாப்பானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் ஸ்கிரிப்ட் எழுதுபவருடையதே. பின்னணியில் ஓடும் நிரலான சர்வீஸ் ஒன்றை நீக்க ‘எஸ்சி டெலீட்’ இருக்கிறது. எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பு வழியாக நிறுவிய மென்பொருளை நீக்க அதன் நிறுவியே இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு அவற்றின் கீகளை மட்டும் பிடுங்கினால் மிச்சங்கள் எங்கெங்கோ தங்கும். அழிப்பதற்குப் பதில் பெயரை மாற்றிச் சில வாரங்கள் விட்டுவைப்பதும் நல்ல பழக்கம்தான், ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது: ‘சர்வீசஸ்’ கீக்குள் ஒன்றை வேறு பெயரில் நகலெடுத்து வைத்தால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது விண்டோஸ் அதையும் ஒரு சர்வீஸாகவே பார்க்கும். பழைய பதிவுகளை மொத்தமாகத் துடைத்தால் கணினி வேகமாகும் என்று விற்கப்படும் ரெஜிஸ்ட்ரி சுத்திகரிப்பான்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. குறிப்பிட்ட காரணமின்றி அழிக்கப்படும் கீ எதையும் வேகப்படுத்துவதில்லை என்பதே என் எண்ணமும்.

கடைசியாக, நகல் தங்கும் இடம். தற்காலிகக் கோப்புறையில் வைத்தால் வட்டுச் சுத்திகரிப்பு அதை எடுத்துப்போய்விடும். அதே கணினியின் சி டிரைவில் மட்டும் வைத்தால், கணினி தொடங்காத நாளில் மீட்புச் சூழலில் நுழைந்துதான் தேட வேண்டியிருக்கும். பகிர்வுக் கோப்புறையில் வைப்பதென்றால் யார் படிக்கலாம் என்பதை முதலில் இறுக்க வேண்டும், ஏனென்றால் ரெஜிஸ்ட்ரியில் கடவுச்சொற்களையும் உரிம எண்களையும் சேமிக்கும் மென்பொருள்கள் இன்றும் இருக்கின்றன. சாம், செக்யூரிட்டி, சிஸ்டம் ஆகிய ஹைவ்களின் நகல்கள் ஒருவர் கையில் சேர்ந்து கிடைத்தால் உள்ளகக் கணக்குகளின் கடவுச்சொற்களின் மறைவடிவமான ஹாஷ்களைப் பிரித்தெடுக்க முடியும். தாக்குபவர்கள் ‘ரெக் சேவ்’ கட்டளையையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் பல பாதுகாப்பு மென்பொருள்கள் அந்த மூன்று ஹைவ்களின் மேல் அந்தக் கட்டளை ஓடினாலே எச்சரிக்கை எழுப்பும். ஆகவே நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் முழு ஹைவைத் தொடாமல், அழிக்கப்போகும் கீயை மட்டும் எடுக்க வேண்டும். அந்த நகலை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் நீக்குவது என்பதையும் அழிக்கும் வரியை எழுதும் அதே நேரத்தில் முடிவுசெய்து, ஸ்கிரிப்டின் தலைப்புக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.